பென்சிலுக்கு முந்திய பாடங்கள்

விஜயதசமி அன்று தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மூன்று வயதுப் பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ' போட வைக்கிறோம். அந்தச் சிறு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே பாதிக்கு மேல் வெறுமையாகத்தான் தெரியும். வளர்ந்தவரின் மணிக்கட்டில் எட்டுக் குறு எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அவை எட்டும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் பதியாது. முதல் சில மாதங்களில் இரண்டு, எலும்பாக மாறத் தொடங்கும். மூன்று வயதை ஒட்டி மூன்றாவது, நான்கு வயதை ஒட்டி நான்காவது, ஐந்து ஆறு வயதில் மேலும் மூன்று. பட்டாணி வடிவிலான கடைசி எலும்பு தலைகாட்ட எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை ஆகலாம். இந்த வரிசை ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது என்பதால்தான் கையின் எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர்கள் எலும்பு வயதைக் கணிக்கிறார்கள்.

அந்தக் கைதான் ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேர்ந்ததும் நாலு கோடு நோட்டை நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் அரக்கோணம், திருத்தணிப் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "ஏ, பி, சி, டி சொல்றானா? நூறு வரைக்கும் வருதா? பேர் எழுதுவாளா?" கேட்பவர்களுக்குப் பிள்ளைமேல் அக்கறை. பதில் சொல்லும் தாய்க்கு வயிற்றில் கலக்கம். ஆனால் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் குழந்தை வளர்ச்சி ஆய்வுகள் சேர்த்துவைத்திருக்கும் அறிவு வேறு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. அம்மாவை விட்டு இருக்க முடிகிறதா? தன் முறை வரும்வரை காத்திருக்க முடிகிறதா? தனக்கு வேண்டியதை இன்னொருவரிடம் கேட்க வருகிறதா? நன்றாகத் தூங்குகிறதா, சாப்பிடுகிறதா? பள்ளிக்குத் தயார் என்பதன் அடித்தளம் இவைதான். இவை எல்லாவற்றையும் வளர்க்கும் வசதி, எளிய குடும்பத்தின் சமையலறையிலும் வாசலிலும்கூட இருக்கிறது.

கை பழகும் வரிசை

எழுதுவதற்கு மணிக்கட்டு எலும்பு மட்டும் போதாது. தோள் நிலைத்து நிற்க வேண்டும், உள்ளங்கைத் தசைகள் வலுப்பெற வேண்டும், கண் பார்ப்பதைக் கை பின்பற்றும்படி மூளையும் நரம்பும் பழக வேண்டும். ஒன்றரை வயதில் குழந்தை பல்பத்தை முஷ்டியால் பிடிக்கும். இரண்டு, மூன்று வயதில் விரல்கள் கீழ்நோக்கிப் பிடிக்கத் தொடங்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைத் தாங்கி, விரல்களாலேயே அதை நகர்த்தும் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலரை முதல் ஆறு வயதுக்குள்தான் கைவருகிறது.

வரைவதிலும் இப்படி ஒரு படிக்கட்டு உண்டு. மூன்று வயதில் வட்டம், நான்கு வயதில் கூட்டல் குறி, ஐந்து வயதை ஒட்டிச் சதுரம், அதன் பின் முக்கோணம். சாய்கோடு, நேர்க்கோட்டை விடக் கடினம். பெருக்கல் குறி போன்ற சாய்கோட்டு வடிவங்களைப் பார்த்து வரையும் நிலையை எட்டிய பிள்ளைகள், எட்டாதவர்களைவிடக் கூடுதலான எழுத்துகளைச் சரியாக எழுதுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தக் கண்ணோடு தமிழ் எழுத்துகளைப் பாருங்கள். 'ட' எழுத மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு. 'ப' எழுத மூன்று கோடுகள். 'அ' எழுத ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெடுங்கோடு. 'இ'யும் 'ஐ'யும் அதைவிடச் சிக்கல். அகர வரிசை வாயால் சொல்வதற்கு அழகு. கையால் எழுதுவதற்கு அது எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை இல்லை. மூன்று வயதில் 'அ' வரவில்லை என்று முதுகில் தட்டுவது, இன்னும் முளைக்காத பல்லால் கடிக்கச் சொல்வதைப் போன்றது.

அப்படியானால் கைக்கு என்ன கொடுப்பது? பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுங்கள். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்துப் பாம்பு செய்யச் சொல்லுங்கள். காய வைத்த துணியில் கிளிப் மாட்டச் சொல்லுங்கள். கோலப்பொடியை விரலிடுக்கில் எடுத்துக் கோடு போட விடுங்கள். கோணல் இருந்தால் இருக்கட்டும். புளியங்கொட்டையைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது, பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியாகச் சோழி போட்டுக்கொண்டே போவது, டிபன் டப்பாவைத் தானே திறந்து மூடுவது, சட்டைப் பித்தானைத் தானே போடுவது ஆகிய ஒவ்வொன்றும் பென்சில் பிடிக்கப் போகும் அதே தசைகளுக்கான பயிற்சி. சுவரில் சாய்த்து வைத்த சிலேட்டில் நின்றுகொண்டு கிறுக்குவது தோளையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பழக்கும்.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய பள்ளியில் இதைத்தான் கண்டார்: ஊற்றுவது, துடைப்பது, பித்தான் போடுவது போன்ற வீட்டு வேலைகள் வழியாகவே குழந்தையின் கை எழுத்துக்குத் தயாராகிறது. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்ட பள்ளிகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. பலகையோடு அந்த முறையும் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது பெற்றோரின் கடமை.

அழுகை சொல்லும் செய்தி

முதல் வாரம் பள்ளி வாசலில் நடக்கும் பெரிய போராட்டம் பிரிவுதான். "பக்கத்து வீட்டுப் பாப்பா சமத்தா போச்சு, நீ மட்டும் ஏன்டா இப்படி?" என்று கேட்கும்போது, அழுகிற குழந்தை பலவீனமானது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அறிவியல் இதை வேறு விதமாகப் படிக்கிறது.

ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும், அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த்தும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்கியது இது: பசியைப் போலவே, காப்பவரை ஒட்டி இருக்கும் உந்துதலும் குழந்தைக்குப் பிறவியிலேயே உண்டு. அந்தப் பிணைப்பு உறுதியாக இருக்கும் குழந்தைதான் துணிந்து விலகிப் போய் உலகத்தைத் தேடிப் பார்க்கும். பயம் வந்தால் திரும்பி ஓடிவரும்.

2004இல் ஜெர்மனியின் லீசலாட்டே ஆனெர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் பெர்லின் நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில் புதிதாகச் சேர்ந்த 15 மாதக் குழந்தைகள் 70 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். குழந்தைகளின் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் பதற்றச் சுரப்பை அளந்தார்கள். தாயும் கூட இருந்து பழக்கிய முதல் நாட்களில், உறுதியான பிணைப்புள்ள குழந்தைகளின் கார்டிசால் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. தாய் விட்டுச் சென்ற பின் வந்த நாட்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது வீட்டில் இருந்த அளவைவிட 75 முதல் 100 விழுக்காடு வரை ஏறியது. அப்போது கூடுதலாக அழுதவர்கள் யார் தெரியுமா? உறுதியான பிணைப்புள்ள குழந்தைகள். அழாமல் உட்கார்ந்திருந்த குழந்தைக்கும் உள்ளே பதற்றம் இருந்தது. கூட இருந்து பழக்குவதற்குக் கூடுதல் நாட்கள் செலவழித்த தாய்மாரின் குழந்தைகளிடம் பிணைப்பு உறுதியாகவே நீடித்தது, அல்லது புதிதாக உறுதிப்பட்டது.

நம் பிள்ளைகள் மூன்று வயதில் போகிறார்கள். அவர்களுக்குப் பேச்சும் நினைவும் கூடுதல். ஆனாலும் பாடம் ஒன்றுதான். கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நழுவுவது அந்த நிமிடத்துக்கு உதவும். மறுநாள் குழந்தை கண்ணை எடுக்காமல் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அம்மா எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடுவாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வர வேண்டும், விடைபெறுவதை நீட்டக் கூடாது. ஒரு முத்தம், ஒரே வாசகம், நடந்துவிடுங்கள்.

அந்த வாசகத்தில் மணிக்கணக்கு வேண்டாம். மூன்று வயதுக்கு 'பன்னிரண்டரை மணி' என்பது வெறும் சத்தம். "சாப்பிட்டு, கை கழுவி, பாட்டு பாடி முடிச்சதும் ஆயா வந்து கூட்டினு வருவாங்க" என்றால் அதற்குப் புரியும். நாளின் வரிசையைத்தான் அது நேரமாக அறிகிறது.

அரக்கோணத்துக்கு இந்தப் பிரிவு தனிக் கவலை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய பாதையில் இருக்கும் ஊர் இது. சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நான்கு பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்து, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் திரும்பும் பெற்றோர் இங்கே ஏராளம். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் தாத்தாவோ ஆயாவோதான். முதல் வாரம் மட்டுமாவது அப்பா, அம்மா இருவரில் ஒருவர் விடுப்பு எடுத்துக் கூட இருப்பது, ஆண்டு முழுவதற்கும் பயன் தரும் விடுப்பு. முடியாத வீட்டில், பள்ளியில் விடப் போகிறவர் யாரோ அவரே மே மாதத்திலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெரு வழியே நடக்க வேண்டும். கேட்டைக் காட்டுங்கள், கழிப்பறையைக் காட்டுங்கள், டீச்சரின் முகத்தையும் பெயரையும் பழக்குங்கள். தெரிந்த இடத்தில் பயம் பாதி குறையும்.

காத்திருக்கத் தெரிந்த மூளை

மெகன் மெக்லெலண்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் சிறு பிள்ளைகளுக்கு ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். "தலையைத் தொடு" என்றால் கால் விரலைத் தொட வேண்டும். "காலைத் தொடு" என்றால் தலையைத் தொட வேண்டும். பெரியவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும் இந்த விளையாட்டில் மூளை மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது: விதியை நினைவில் வைக்கிறது, சட்டென்று வரும் பழக்கத்தை அடக்குகிறது, விதி மாறினால் தானும் மாறுகிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி இதற்குத் தலைமை தாங்குகிறது. மூன்று முதல் ஆறு வயதுக்குள் இந்தத் திறன் மிக வேகமாக வளர்கிறது. முழுமையடைய இருபது வயதுக்கு மேலும் ஆகிறது.

இதில் தேறிய பிள்ளைகள் பின்னர் படிப்பிலும் கணக்கிலும் நன்றாக வருகிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. 2013இல் வெளியான மெக்லெலண்டின் இன்னொரு ஆய்வில், நான்கு வயதில் ஒரு வேலையில் கவனம் நிலைத்து அதை முடிக்கும் பழக்கம் இருந்த பிள்ளைகளுக்கு, 25 வயதுக்குள் கல்லூரிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

இதை வளர்க்கத் தனி வகுப்பு வேண்டாம். நம் தெரு விளையாட்டுகளே போதும். 'கல்லா மண்ணா'வில் பிடிப்பவர் எந்த இடத்தில் வரலாம், எந்த இடத்தில் வரக் கூடாது என்ற விதியை நினைவில் வைத்துக்கொண்டே ஓட வேண்டும். 'ஸ்டாச்யூ' என்றால் ஓடுகிற உடம்பை அப்படியே நிறுத்த வேண்டும். கண்ணாமூச்சியில் எண்ணி முடிக்கும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டே, அது சிறந்த கல்வி: தோற்றால் தண்டனை இல்லாமல் விதிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகும் வாய்ப்பு. செல்போன் திரை இந்த வாய்ப்பைத் தராது. அங்கே காத்திருக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. மூன்று, நான்கு வயதுக்கு நாளொன்றுக்குத் திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, உடல் அசைவு மூன்று மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியிருக்கிறது.

வீட்டு மொழி பலமா, தடையா?

திருத்தணி ஒரு காலத்தில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் வீட்டுப் பேச்சு நகரவில்லை. திண்ணையில் தெலுங்கும் கடையில் தமிழும் புழங்கும் வீடுகள் இப்பகுதி முழுக்க இருக்கின்றன. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அணியும் இருப்பதால் இந்தி, மலையாளம் பேசும் பிள்ளைகளும் வருகிறார்கள். உருது பேசும் வீடுகளும் உண்டு. ஒரே எல்.கே.ஜி. வகுப்பில் நான்கைந்து வீட்டு மொழிகள் இருப்பது இங்கே இயல்பு.

"ஸ்கூல்ல கஷ்டப்படுவான், இனிமே வீட்ல தெலுங்கு பேசாதீங்க" என்றோ, "இங்கிலீஷ்லயே பேசுங்க" என்றோ அறிவுரை கிடைத்தால் பெற்றோர் அதைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குழந்தை குழம்பிப்போகாது. ஒரு மொழியில் ஆழமாகக் கற்ற சொல்லும் கதையும் காரணகாரியமும் அடுத்த மொழிக்கு அடித்தளமாகின்றன. தாய் தனக்குச் சரளமில்லாத மொழியில் பேசத் தொடங்கினால் பேச்சு சுருங்கி, "கம், சிட், ஈட்" என்று கட்டளைகளாக நின்றுவிடும், இழப்பு குழந்தைக்குத்தான். தெலுங்கு பேசும் குடும்பத்தில் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த ஒரு பிள்ளைதான் பின்னாளில் தத்துவப் பேராசிரியராகவும் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். ராதாகிருஷ்ணன் பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

எந்த மொழி என்பதைவிட எப்படிப் பேசுகிறோம் என்பதே முக்கியம். 2018இல் ரேச்சல் ரோமியோவும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் 36 பேரின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளையையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, மாறி மாறி நடந்த உரையாடல்தான் மொழிக்குரிய மூளைப் பகுதியின் செயல்பாட்டோடு இணைந்திருந்தது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்த பின்னும் இது மாறவில்லை. குழந்தை ஒன்று சொன்னால் நாம் ஒன்று சொல்ல வேண்டும், அது மறுபடி சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். ரயில்வே கேட் மூடியிருக்கும் ஐந்து நிமிடம் போதும்: "இது கூட்ஸா, பாசஞ்சரா? எப்படிக் கண்டுபிடிச்ச? இதுல என்ன போகுது?"

படிக்கத் தொடங்குவதற்கு முன், சொல்லைத் துண்டு துண்டாகக் காதால் பிரிக்கத் தெரிய வேண்டும். தமிழ் எழுத்துமுறையில் பெரும்பாலும் ஓர் எழுத்து ஓர் அசையின் ஒலியைத் தாங்கி நிற்பதால் கைதட்டிப் பிரிப்பது நல்ல பயிற்சி: 'ப-ட-கு' மூன்று தட்டு, 'மு-யல்' என்றால் இரண்டு தட்டு. 247 எழுத்துகளை மூன்று வயதில் மனப்பாடம் செய்ய வைக்கும் அவசரம் எதற்கும் உதவாது. கன்னட எழுத்துகளைப் பிள்ளைகள் கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய எழுத்துமுறைகளின் பெரிய எழுத்துத் தொகுதியை முழுதாகக் கைக்கொள்ளத் தொடக்கப் பள்ளி ஆண்டுகள் பலவும் தேவைப்படுகின்றன என்று காட்டியிருக்கிறார்.

நூறு வரை எண்ணுவதும் மூன்றை அறிவதும்

ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் சொல்லும் குழந்தையிடம், "மூணு வெண்டைக்காய் எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். கையில் வந்ததை அள்ளிக் கொடுத்தால் வியக்க வேண்டாம். எண்ணுப் பாட்டு வேறு, எண்ணறிவு வேறு என்பதை 1990களின் தொடக்கத்தில் கேரன் வின் செய்த சோதனைகள் தெளிவாக்கின. 'ஒன்று' என்பதன் பொருள் முதலில் பிடிபடுகிறது, பல மாதம் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று'. எண்ணும்போது கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்ற உண்மை மூன்றரை, நான்கு வயதை ஒட்டித்தான் விளங்குகிறது.

அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்ளர் இருவரும் 2008இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒன்று முதல் பத்து வரை கட்டங்கள் வரிசையாக உள்ள எளிய அட்டை விளையாட்டை, வறிய குடும்பத்துப் பிள்ளைகளோடு இரண்டு வாரத்தில் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம் விளையாடினார்கள். எண்ணுவது, எண்களை ஒப்பிடுவது, எண்வரிசையில் இடம் குறிப்பது எல்லாவற்றிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஒன்பது வாரத்துக்குப் பிறகும் அது மறையவில்லை. பரமபதம் நம் வீட்டில் கிடக்கும்போது வேறென்ன வேண்டும்? கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லிக்கொண்டே காயை நகர்த்தினால் போதும். தட்டு வைக்கும்போது ஆளுக்கொன்று, தோசை சுட்டால் அப்பாவுக்கு இரண்டு பாப்பாவுக்கு ஒன்று என்று எண்களுக்குப் பொருள் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

உடம்பு தயாராகாமல்

மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் உடல்நலம் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தத்துக்கு மட்டுமின்றி, நரம்புகளின் மேலுறை அமைவதற்கும் மூளையின் செய்திச் சுரப்புகளுக்கும் இரும்புச்சத்து வேண்டும். சோர்ந்து தலைகவிழும் பிள்ளையை 'சோம்பேறி' என்று டீச்சர் நினைக்கக் கூடும்; அதன் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பதே உண்மையாக இருக்கலாம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, எட்டு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் பகுதியாக, வேலூர் நகரின் எளிய குடியிருப்புகளில் 2010–12இல் பிறந்த 251 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தது. முதல் ஆண்டுகளில் வளர்ச்சி குன்றி அதிலிருந்து மீளாத குழந்தைகள் ஐந்து வயதில் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். உடலில் இரும்புச்சத்தும், பேச்சும் விளையாட்டும் நிறைந்த வீட்டுச் சூழலும் ஐந்து வயது அறிவுத்திறனோடு சேர்ந்தே வந்தன. சோறும் பேச்சும் இரண்டுமே மூளைக்கு உணவு என்று அந்தத் தெருக்களின் பிள்ளைகள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே பள்ளிக்கு முன் செய்ய வேண்டிய பட்டியலில் புத்தகப் பைக்கு முன்னால் இவை வரட்டும்: முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ, பிள்ளைக்குச் சாப்பாட்டோடு டீ வேண்டாம், அது இரும்பை உடலில் சேரவிடாது. குடற்புழு மாத்திரையைத் தவறவிட வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும் நாளில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காது மந்தமான பிள்ளை சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையாகத் தோன்றும். சீழ் வடியும் காதைக் கை வைத்தியத்தில் விட்டுவிடாதீர்கள்.

தூக்கம் அடுத்தது. மூன்று, நான்கு வயதுக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம். இரவு பத்தரைக்கு ரயிலில் வரும் அப்பாவுக்காக விழித்திருந்து காலை ஆறரைக்கு எழும்பும் பிள்ளைக்கு எட்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. வகுப்பில் அதன் எரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மே மாத நடுவிலிருந்தே படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவாருங்கள். அப்பாவோடு கொஞ்சும் நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கழிப்பறைப் பழக்கம், பேசக் கூச்சப்படும் விஷயம். பிள்ளையின் மானமே அதில் இருக்கிறது. வீட்டில் 'உச்சா' என்றால் போதும். பள்ளியில் "மிஸ், ஒண்ணுக்கு வருது" என்று கேட்கும் சொல் வாயில் வர வேண்டும். தானே இறக்கி ஏற்றக்கூடிய இலாஸ்டிக் கால்சட்டை போட்டு அனுப்புங்கள். நனைத்துவிட்டால் திட்டமாட்டோம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

அங்கன்வாடி என்னும் பெரிய வாய்ப்பு

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் விளையாட்டு வழிப் பாடத்திட்டமும் தமிழ்நாட்டு மையங்களுக்கு உண்டு. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. ஆனாலும் பால்வாடி என்றால் சோறு போடும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் நடத்திய ஆய்வு இந்த எண்ணத்தை மாற்ற வேண்டும். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களுக்குக் கற்பிப்பதற்கென்று கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரைக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கிடைத்த கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை ஆண்டில் அந்த மையப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றுவதும் குறைந்தது. கட்டணமும் ஆங்கிலப் பெயரும் இல்லாமல், கூடுதலாக ஒரு மனிதரின் நேரம் செய்த மாற்றம் இது. சமைத்து, எடை பார்த்து, பதிவேடு எழுதி, பாட்டும் சொல்லித்தரும் ஒரே டீச்சரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. கூடுதல் ஆள் கேட்கும் குரல் கிராமசபையிலிருந்தும் நகராட்சி வார்டிலிருந்தும் எழ வேண்டும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு இடம்பெயரும் இருளர் பிள்ளைகளை, போன இடத்து மையத்தில் மறுநாளே சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு அந்த மாதங்கள் திரும்பி வராது.

பிள்ளை பள்ளிக்குத் தயாரா என்று கேட்கும் நாம், பள்ளி பிள்ளைக்குத் தயாரா என்றும் கேட்க உரிமை உள்ளவர்கள். பள்ளிச் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் நோக்கத்தை எல்.கே.ஜி. வாசலிலும் நாம் நினைவூட்டலாம். சேர்க்கைப் படிவம் வாங்கும் நாளில் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதல் வாரம் அப்பாவோ அம்மாவோ வகுப்பில் கூட இருக்கலாமா? ஒரு நாளில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடுவார்கள்? கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவார்கள்? தடுமாறாமல் பதில் சொல்லும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பிள்ளை முதல் மாதம் ஓர் எழுத்தும் எழுதாமல், இரண்டு நண்பர்களின் பெயரை மட்டும் கற்றுக்கொண்டு வந்தால், அந்த மாதம் நல்லபடியாகவே போயிருக்கிறது.